ஸ்பிரிங்ஸ்டீன் ஸ்டேடியம் கச்சேரி: முன்னாடி பிட்டா, பின்னாடி ஸ்டேண்டிங்கா, பக்கவாட்டு சீட்டா, மேல் அடுக்கா?

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மறுபடி ஐரோப்பா பக்கம் வந்தா வாழ்க்கையில ஒரு தடவையாவது போயிரணும், ஆனா எந்த டிக்கெட் எடுக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வந்துக்கிட்டே இருக்கு. பாரிஸ்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டான், சென்னையில இருந்து ஒரு அக்கா கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் போன்ல ஒரு மணி நேரம் பேசி புரிய வச்சேன், அதையே இங்க எழுதிடுறேன். டிக்கெட் விக்க ஆரம்பிச்சதும் ஸ்கிரீன்ல கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல உக்காந்து யோசிச்சா நல்ல இடமெல்லாம் கண்ணு முன்னாடியே போயிரும், அதனால முடிவை முன்னாடியே எடுத்து வச்சிக்கணும்.

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு வெளிநாடு போறதை விட்டா வேற வழியும் இல்ல. 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், ஆம்னஸ்டிங்கிற மனித உரிமை அமைப்பு நடத்துன டூர். ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், ட்ரேசி சாப்மன் கூட ஸ்பிரிங்ஸ்டீனும் அவரோட இ ஸ்ட்ரீட் பேண்டும் வந்து பாடினாங்க. அன்னைக்கு அங்க இருந்தவங்க குடுத்து வச்சவங்க. நம்ம எல்லாரும் பிளைட் ஏறித்தான் ஆகணும். அவர் பொறந்தது 1949, அதையும் மனசுல வச்சுக்கங்க, இன்னும் எத்தனை டூர்னு யாருக்கும் தெரியாது.

முதல்ல எதை வச்சு முடிவு பண்ணணும்

காசுதான் முதல்னு நினைக்காதீங்க. நான் முதல்ல கேக்கிறது, நீங்க எதைப் பாக்கப் போறீங்கங்கிறதை. அவர் முகத்தையா, மொத்த பேண்டும் சேர்ந்து வாசிக்கிறதையா, இல்ல அறுபதாயிரம் பேர் ஒண்ணா சேர்ந்து பாடுற அந்தக் காட்சியையா? மூணும் ஒரே இடத்துல இருந்து தெரியாது.

ரெண்டாவது உடம்பு. கச்சேரி சுமார் மூணு மணி நேரம், நடுவுல இடைவேளை கிடையாது, அவருக்கு முன்னாடி வேற பேண்ட் வந்து வாசிக்கிற பழக்கமும் பொதுவா இல்ல. 2012 ஜூலை 31 ஹெல்சிங்கில 4 மணி 6 நிமிஷம் வாசிச்சார், அவரோட கச்சேரிகள்லயே நீளமானது அதுதான். இப்ப அவ்வளவு நேரம் போறதில்ல, ஆனாலும் மூணு மணி நேரம் நிக்கிறது மூணு மணி நேரம் நிக்கிறதுதான், அதுக்கு முன்னாடி கியூல நின்ன நேரம் தனிக் கணக்கு.

மூணாவது, கையில எத்தனை நாள் லீவு இருக்கு. நாலாவது சத்தம், அதாவது பாட்டு எவ்வளவு தெளிவா காதுல விழும்ங்கிறது. அஞ்சாவதுதான் காசு, அதுலயும் டிக்கெட்ல போட்டிருக்கிற விலையை விட மத்த செலவு. கூட யார் வர்றாங்கன்னும் பாக்கணும், ஏன்னா சின்னப் பசங்களை நிக்கிற இடத்துக்குள்ள விடாத ஸ்டேடியம் நிறைய இருக்கு.

முன்னாடி பிட்

மேடைக்கு ஒட்டின மாதிரி தடுப்பு போட்டுப் பிரிச்சிருக்கிற இடம். இங்க நின்னா அவர் நெத்தி வியர்வை தெரியும். அவர் கீழ இறங்கி தடுப்பு ஓரமாவே நடந்து வருவார், கையைத் தொடுவார், ஹார்மோனிகாவை முன்னாடி நிக்கிற ஒரு குழந்தை கையில குடுத்துட்டுப் போவார். பெரிய ஸ்கிரீன்ல பாக்கிற முகமும் நாலு அடி தள்ளி நேர்ல பாக்கிற முகமும் ஒண்ணு இல்ல. அந்தக் கண்ணைப் பாத்து ஒரு வரி பாடினா வருஷக்கணக்கா மறக்காது, இதைச் சொல்லும்போதே எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். பிட்டுக்கு குடுக்கிற விலையை காசுல மட்டும் கணக்கு போடாதீங்க, அதுல ரெண்டு மூணு நாளும் சேர்ந்திருக்கு. டிக்கெட் இருந்தா பிட்டுக்குள்ள போகலாம், ஆனா முன் வரிசைக்கு டிக்கெட் பத்தாது, வரிசை வேணும். ஐரோப்பாவுல இந்த வரிசையை ரசிகர்களே நடத்துறாங்க, அதுக்குப் பேரு ரோல் கால். கச்சேரிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஸ்டேடியம் வாசல்ல ஒருத்தர் நோட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், பேரைச் சொன்னா ஒரு நம்பர் குடுத்து அதை மார்க்கர்ல உங்க கையிலயே எழுதிடுவாங்க. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு சில தடவை, சொன்ன நேரத்துக்கு வந்து ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் சொல்ற மாதிரி நம்பர் கூப்பிடும்போது குரல் குடுக்கணும். ஒரு தடவை வரலைன்னா லிஸ்ட்ல பேரை அடிச்சிடுவாங்க. யாரும் கெஞ்சிப் பாத்தாலும் நடக்காது, ஏன்னா அந்த லிஸ்ட்ல எல்லாரும் அதே கஷ்டத்தைப் பட்டவங்க, ஒருத்தருக்கு சலுகை குடுத்தா மத்தவங்களுக்கு துரோகம்.

நானே ஒரு தடவை காலைல கூப்பிட்ட நேரத்துக்கு இருபது நிமிஷம் லேட்டா போனேன், ஹோட்டல் தூரமா இருந்துச்சு, டிராம் வரல. நம்பர் 140 கிட்ட இருந்தவனை கடைசியில கொண்டு போய் வச்சாங்க. கோவம் வந்துச்சு, ஆனா நோட்டு வச்சிருந்த இத்தாலிக்கார அம்மா பக்கத்துல உக்கார வச்சு காபி குடுத்து, அவங்க 1985ல மிலன் சான் சீரோவுல முதல் தடவை அவரைப் பாத்த கதையைச் சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் முன் வரிசை கிடைக்கல. ஆனா அந்த ரெண்டு நாள் வாசல்ல கிடைச்ச சிநேகிதம் இன்னைக்கு வரைக்கும் இருக்கு. இந்த ரசிகர் கூட்டத்தோட உயிரே வாசல்லதான் இருக்குன்னு நான் நம்புறேன், உள்ள போனப்புறம் எல்லாரும் மேடையைத்தான் பாப்பாங்க.

அமெரிக்காவுல இது வேற மாதிரி. அங்க பல இடத்துல லாட்டரி. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வந்து நம்பர் போட்ட பட்டையை கையில கட்டிக்கணும், அப்புறம் ஒரு நம்பரை குலுக்கி எடுப்பாங்க, அந்த நம்பர்ல இருந்து வரிசை தொடங்கும். முதல்ல வந்தவருக்கும் கடைசியா வந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. ராத்திரி முழுக்க ரோட்டுல படுக்க முடியாதவங்களுக்கு இதுதான் நியாயம்னு எனக்குத் தோணும், ஐரோப்பிய ரசிகர்கள் பலர் இதை ஒத்துக்க மாட்டாங்க.

சத்தத்தைப் பத்தியும் சொல்லணும். முன்னாடி இருந்தா நல்லா கேக்கும்னு நினைக்கிறவங்க ஏமாந்து போவாங்க. பெரிய ஸ்பீக்கர் எல்லாம் உயரத்துல தொங்குது, அது உங்க தலைக்கு மேல தாண்டி பின்னாடி இருக்கிறவங்களுக்குப் போகுது, உங்களுக்கு தரையில இருக்கிற பேஸ் ஸ்பீக்கரும் மேடையில இருந்து நேரா வர்ற ட்ரம்ஸும்தான் அதிகமா கேக்கும். பாட்டு வரி தெளிவா விழாது. மனப்பாடமா தெரிஞ்சவங்களுக்கு அது குறையே இல்ல. காதுல பஞ்சு மாதிரி அடைக்கிற இயர் பிளக் கண்டிப்பா வாங்கிட்டுப் போங்க.

அட்டையில பாட்டுப் பேர் எழுதித் தூக்கிக் காட்டினா வாசிப்பார்னு கேள்விப்பட்டு அதுக்காகவே பிட் எடுக்கிறவங்களும் உண்டு. 2007-08 டூர்ல தொடங்கின பழக்கம் அது, அப்பெல்லாம் மேடையில அட்டை குவிஞ்சு கிடக்கும். ஆனா 2023ல மறுபடி கிளம்பினப்ப பாட்டு லிஸ்ட் ஊருக்கு ஊர் பெருசா மாறல, அதனால அட்டையை நம்பி பிட் எடுக்காதீங்க.

மறைஞ்சிருக்கிற செலவு: ரெண்டு ராத்திரி கூடுதல் தங்கல், அதுவும் ஸ்டேடியத்துக்கு நடக்கிற தூரத்துல. இந்த முன்பகுதியைத் தனி டிக்கெட்டா அதிக விலைக்கு விக்கிற ஊரும் இருக்கு. பாத்ரூமுக்குப் போனா திரும்பி அதே இடத்துக்கு வர்றது கஷ்டம், அதனால பலர் மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கிறாங்க, வெயில்ல இது ஆபத்து, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

பின்னாடி ஸ்டேண்டிங்

பிட்டுக்குப் பின்னாடி இருக்கிற பெரிய மைதானம். ஊர் ஊரா போய் பாக்கிற ரசிகர்கள் இதை மதிக்க மாட்டாங்க, எனக்கு இது மேல தனி மரியாதை உண்டு. நடுவுல ஒரு கூடாரம் மாதிரி இருக்கும், சத்தத்தை சரிபண்றவங்க உக்காந்திருக்கிற இடம். அவங்க காதுக்கு எப்படி கேக்குதோ அதை வச்சுத்தான் மொத்த ஸ்டேடியத்துக்கும் சத்தம் வைக்கிறாங்க, அதனால அந்தக் கூடாரத்துக்கு கொஞ்சம் முன்னாடி நின்னீங்கன்னா ஸ்டேடியத்துலயே நல்ல சத்தம் உங்களுக்குத்தான். அஞ்சு மணிக்கு வந்தா கூட இடம் கிடைக்கும், ஆட இடம் இருக்கும், பாத்ரூம் போயிட்டு வரலாம்.

குறை ஒண்ணுதான், ஆனா அது பெரிய குறை. உயரம். நம்ம ஆளுங்க சராசரி உயரத்துக்கு முன்னாடி ஒரு டச்சுக்காரரோ ஜெர்மன்காரரோ நின்னா மூணு மணி நேரமும் அவர் முதுகுதான். ஸ்கிரீன்தான் கதி. அஞ்சரை அடிக்குக் கீழ இருக்கிறவங்க, முக்கியமா பெண்கள், இதை நல்லா யோசிச்சு எடுங்க. இன்னும் பின்னால போனீங்கன்னா வேற பிரச்சினை, சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், நூறு மீட்டர் தள்ளி நின்னா அவர் வாய் அசைஞ்சு கால் செகண்டுக்கு மேல கழிச்சுத்தான் குரல் வரும். நடுவுல இருக்கிற ஸ்பீக்கர் கோபுரங்களுக்கு அதுக்கேத்த மாதிரி தாமதம் குடுத்து வைக்கிறாங்க, அதனால பாட்டு குழம்பாது, ஆனா ஸ்கிரீன்ல பாக்கிறதுக்கும் காதுல கேக்கிறதுக்கும் சின்ன இடைவெளி தெரியலாம். சில பேருக்கு அது உறுத்தும்.

கீழ் அடுக்கு பக்கவாட்டு சீட்

விலை அதிகம். ஆனா முதல் தடவை போறவங்க, ஒரே ஒரு கச்சேரிதான் வாழ்க்கையில பாக்க முடியும்னு இருக்கிறவங்க, பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, இதை எடுங்கன்னுதான் சொல்லுவேன். மேடை இருக்கிற பாதியில, பக்கவாட்டுல, பத்து இருபது வரிசை உயரத்துல.

இங்க இருந்து பாத்தாத்தான் இது ஒரு ஆள் கச்சேரி இல்ல, ஒரு பேண்டோட கச்சேரின்னு புரியும். ட்ரம்ஸ் வாசிக்கிற மேக்ஸ் வைன்பர்க் மூணு மணி நேரமும் ஸ்பிரிங்ஸ்டீன் முதுகையே பாத்துக்கிட்டிருப்பார். அவர் கையை லேசா ஒரு அசைப்பு அசைச்சா போதும், மொத்த பேண்டும் ஒண்ணா நிக்கும், இல்ல அடுத்த பாட்டுக்குள்ள பாயும். பிட்ல நின்னா இது தெரியாது, ஸ்கிரீன்லயும் காட்ட மாட்டாங்க. நம்ம ஊர் கச்சேரியில தவில்காரர் நாயனக்காரர் முகத்தைப் பாத்துக்கிட்டே வாசிப்பாரே, அதே கவனம்.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ரொம்ப ஓரத்துல மேடைக்கு இணையா இருக்கிற சீட்ல ஸ்பீக்கர், ஸ்கிரீன் தூண் மறைக்கும், பாதி பேண்ட் தெரியாது. அப்புறம் மேல் அடுக்கு கூரை மாதிரி கவிஞ்சிருக்கிற பின் வரிசைகள்ல சத்தம் உள்ளுக்குள்ளயே சுத்தி மந்தமாயிடும். மழை வந்தா மட்டும் அந்த வரிசைக்காரங்க பாக்கியசாலிங்க.

மேல் அடுக்கு

மலிவு. தூரம். பாதி நேரம் ஸ்கிரீனைத்தான் பாப்பீங்க. இதையெல்லாம் ஒத்துக்கிட்டு ஒண்ணு சொல்றேன்.

கச்சேரி முடியிற கட்டத்துல 'பார்ன் டு ரன்' பாட்டை வாசிக்கும்போது ஸ்டேடியத்துல இருக்கிற எல்லா விளக்கையும் போட்டுடுவாங்க. இருட்டு இல்ல, கலர் லைட் இல்ல, ஃபுட்பால் மேட்ச் மாதிரி வெள்ளை வெளிச்சம். பிட்ல இருக்கிறவங்களுக்கு அது பக்கத்துல இருக்கிறவங்க முகம் மட்டும்தான். மேல உக்காந்திருக்கிறவங்களுக்கு மொத்த ஜனமும் தெரியும், அறுபது எழுபதாயிரம் பேர் ஒரே நேரத்துல கையைத் தூக்குறது, தரையே எழும்புற மாதிரி. நான் பெர்லின் ஒலிம்பியாஸ்டேடியான்ல மேல உக்காந்து இதைப் பாத்தப்ப அழுதுட்டேன், பக்கத்துல இருந்த அறுபது வயசுக்காரரும் அழுதுக்கிட்டிருந்தார், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

ஜனம் குதிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஸ்வீடன்ல கோதன்பர்க் உல்லேவி ஸ்டேடியம் சாட்சி. 1985 ஜூன் 8, 9 ரெண்டு நாள் கச்சேரி, கீழ களிமண் தரை, கூட்டம் தாளத்துக்கு ஒண்ணா குதிச்சு கட்டடமே சேதமாகி அப்புறம் பெருசா சரிபண்ண வேண்டி வந்துச்சு. இப்ப அதே ஸ்டேடியத்துல பலப்படுத்தின அஸ்திவாரம், அவரும் எத்தனையோ தடவை அங்க திரும்பி வந்து வாசிச்சிட்டார்.

மேல் அடுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி எந்த ஸ்டேடியம்னு பாருங்க. ஓட்டப்பந்தயப் பாதை இருக்கிற பெர்லின், பார்சிலோனா மோன்ஜூயிக் மாதிரி இடத்துல சீட் எல்லாமே மைதானத்துல இருந்து தள்ளித்தான் இருக்கும். ஃபுட்பாலுக்குன்னே கட்டின மிலன் சான் சீரோ, ஜெர்மனியில கெல்சன்கிர்ஷன் மாதிரி இடத்துல படிக்கட்டு செங்குத்தா, மைதானத்துக்கு நெருக்கமா போகும், அங்க மேல உக்காந்தாலும் கூட்டத்தோட சேர்ந்து இருக்கிற உணர்வு இருக்கும். உயரம் கண்டா தலை சுத்துறவங்க சான் சீரோ மூணாவது அடுக்குப் பக்கம் போகாதீங்க.

விஐபி பேக்கேஜ்

சாப்பாடு, தனி வாசல், ஒரு நினைவுப் பொருள். அவரைச் சந்திக்கலாம்னு நினைச்சு எடுக்காதீங்க, அது அதுல இல்ல. அந்தக் காசுல ரெண்டாவது நாள் டிக்கெட் வாங்குங்க.

ஒரே பார்வையில

| | பிட் | பின் ஸ்டேண்டிங் | கீழ் பக்கவாட்டு | மேல் அடுக்கு |
|---|---|---|---|---|
| அவர் முகம் | நேர்ல | உயரம் இருந்தா | ஓரளவு நேர்ல | ஸ்கிரீன்ல |
| பாட்டு தெளிவு | சுமார் | கூடாரம் பக்கம் அருமை | நல்லா | இடத்தைப் பொறுத்து |
| எத்தனை நாள் | 2-3 | 1 | 1 | 1 |
| முட்டி வலி | கடுமை | உண்டு | இல்ல | படி ஏறணும் |
| குழந்தை, பெரியவங்க | வேண்டாம் | வேண்டாம் | சரி | பெரியவங்களுக்கு கஷ்டம் |

எல்லா டிக்கெட்டுக்கும் பொதுவான மறைமுகச் செலவு

கச்சேரி தள்ளிப்போறதுதான் பெரிய செலவு. 2024 மே 22 இங்கிலாந்து சண்டர்லேண்ட்ல மழையில வாசிச்சார், அதுக்கப்புறம் குரல் போய் மார்சேய், ப்ராக், மிலன் எல்லாம் 2025க்குத் தள்ளிப் போச்சு. 2023 செப்டம்பர்லயும் வயித்துப் புண்ணால அமெரிக்கக் கச்சேரிகள் அடுத்த வருஷத்துக்குப் போச்சு. டிக்கெட் அப்படியே செல்லும், இல்ல காசு திரும்பக் கிடைக்கும், ஆனா பிளைட்டும் ஹோட்டலும் உங்க தலையிலதான். அதனால ரத்து பண்ணா காசு திரும்பக் கிடைக்கிற ஹோட்டலா போடுங்க, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்ல.

விசா. ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்துக் குடுக்கிற ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அது செல்லாது. இந்திய பாஸ்போர்ட்காரங்க ரெண்டு கச்சேரி பாக்கிறதா இருந்தா ரெண்டுமே ஷெங்கன் நாட்டுக்குள்ள இருக்கிற மாதிரி பாத்துக்கங்க.

விலை ஏறுற டிக்கெட். 2022ல அமெரிக்காவுல தேவைக்கேத்த மாதிரி விலை தானா ஏறுற முறையில சில சீட் 5000 டாலர் வரைக்கும் போச்சு. 1980ல இருந்து அவருக்காகவே நடந்த பேக்ஸ்ட்ரீட்ஸ் பத்திரிகை 2023 பிப்ரவரியில மூடுறோம்னு அறிவிச்சதுக்கு இந்த விலையும் ஒரு காரணம். உழைக்கிறவங்களைப் பத்திப் பாடுறவர் கச்சேரிக்கு உழைக்கிறவங்க வர முடியலைங்கிற வருத்தம் எனக்கும் உண்டு, அவர் மேல இருக்கிற அன்பு குறையல, ஆனா வருத்தம் வருத்தம்தான். டிக்கெட் எடுக்கும்போது 'பிளாட்டினம்'னு போட்டிருந்தா தொடாதீங்க, அதே சீட்தான், விலைதான் வேற.

ஏற்கனவே வாங்கினவங்க கிட்ட இருந்து டிக்கெட் வாங்குறதா இருந்தா நாடு பாத்து வாங்குங்க. அயர்லாந்துல போட்ட விலைக்கு மேல விக்கக் கூடாதுன்னு 2021ல சட்டமே வந்துச்சு. இத்தாலியில பெரிய கச்சேரிகளுக்கு டிக்கெட்ல உங்க பேர் இருக்கும், அடையாள அட்டையோட பொருந்தணும், பேர் மாத்தாம வெளியில வாங்கினா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

கடைசி ரயில். அவர் நேரம் முடியிற வரைக்கும் வாசிப்பார், சில நேரம் தாண்டியும். 2012ல லண்டன் ஹைட் பார்க்ல பால் மெக்கார்ட்னி கூட பாடி முடிச்சு ஜனத்துக்கு நன்றி சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சுன்னு மைக்கை அணைச்சாங்க. பத்தரை மணி ரயிலை நம்பி இருந்தீங்கன்னா கடைசி ரெண்டு பாட்டு போயிரும், அந்த ரெண்டு பாட்டுக்காகத்தான் நீங்க வந்ததே.

யாருக்கு எது

ரெண்டு மூணு நாள் லீவு, நல்ல முட்டி, எல்லாப் பாட்டும் மனப்பாடம், தனியா போறீங்க: பிட். யோசிக்கவே வேண்டாம்.

பாட்டு நல்லா கேக்கணும், காசு கம்மி, உயரமா இருக்கீங்க: பின் ஸ்டேண்டிங், கூடாரத்துக்கு முன்னாடி.

அம்மா அப்பா கூட, இல்ல அவர் பாட்டு பத்து இருபதுதான் தெரியும், இல்ல முதல் தடவை: கீழ் பக்கவாட்டு. அந்தச் சென்னை அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன், அவங்க கணவருக்கு முதுகு வலி.

சில ஊர்ல அவர் ரெண்டு நாள் வாசிக்கிறது உண்டு, 2025ல சான் செபாஸ்டியன் ஜூன் 21, 24, மிலன் ஜூன் 30, ஜூலை 3. பாரிஸ் தம்பிக்கு நான் சொன்னது, ஒரு விலை கூடின சீட்டுக்குப் பதிலா ரெண்டு நாளும் எடு, முதல் நாள் மேல் அடுக்கு, ரெண்டாவது நாள் பிட். நடுவுல கிடைக்கிற ரெண்டு நாள்ல ரோல் கால்ல நம்பர் வாங்கிடலாம், தங்கல் செலவும் ஒண்ணாப் போயிரும். முதல் நாளே மேல இருந்து அந்த விளக்கு வெளிச்சத்தைப் பாத்துட்டா, ரெண்டாவது நாள் பிட்ல விளக்கு போடும்போது நம்மளைச் சுத்தி என்ன நடக்குதுன்னு தெரியும். அப்ப ஒரு நிமிஷம் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேல பாருன்னு சொல்லியிருக்கேன்.